நிலாவெளி உப்பு நுணுக்குக்காட்டியில் கறுப்பாகவே தெரிகிறது, நிறம் வர என்ன செய்ய வேண்டும்?

உப்புக்காரர்_மகள் · நிலாவெளி · 4 ஜனவரி, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், செய்ததையெல்லாம் சொன்னால்தான் பிழை எங்கே என்று உங்களுக்குப் பிடிபடும்.

அப்பா இங்கே உப்பளத்தில் 26 வருடம் வேலை செய்துவிட்டுப் போன ஆவணியோடு நின்றுவிட்டார். விறாந்தையில் மாட்டுவதற்கு அவருக்கு ஒரு படம் செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வைற்றமின் சி, யூரியா மாதிரிச் சாதாரணப் பொருட்களின் பளிங்கை நுணுக்குக்காட்டி வழியாக எடுத்த படங்கள் சிலவற்றை இணையத்தில் பார்த்தேன், மயில் தோகையை விரித்து வைத்த மாதிரி நீலமும் செம்மஞ்சளும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன, அதைப் பார்த்த அன்றே அப்பா அள்ளிய உப்பையும் இப்படி எடுத்தால் என்ன என்று மனதில் விழுந்துவிட்டது.

உயிரியல் படித்த அக்கா ஒருவர் தன்னுடைய பழைய மாணவர் நுணுக்குக்காட்டியைத் தந்தார். 4, 10, 40 மடங்கு வில்லைகள் இருக்கின்றன, அடியில் ஆடி, ஒளிக்குப் போன் ரோர்ச். பொலரைசர் என்ற ஒளி வடிக்கும் தாள் இரண்டு வேண்டும் என்று வாசித்ததால், தம்பி கொழும்பில் படம் பார்த்துவிட்டுக் கொண்டு வந்த முப்பரிமாணக் கண்ணாடியை வெட்டி ஒரு துண்டை மேடைக்குக் கீழும் மற்றதைப் பார்வைத்துண்டின் மேலும் வைத்தேன்.

உப்பைக் கரைத்துக் காயவிட்டால் சதுரம் சதுரமாக நல்ல வடிவாகத் தெரிகிறது. ஆனால் பொலரைசர் இரண்டையும் வைத்தவுடன் எல்லாம் கறுப்பு, சதுரங்கள் இருந்த இடமே தெரியவில்லை. சாக்கிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீரையும் போட்டுப் பார்த்தேன், ஐந்து நாளாகியும் அது காயவேயில்லை. சீனி பாகாகவே நிற்கிறது. பனடோலை இடித்துக் கரைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒரு கலங்கல். அப்புறம் இன்னொரு விசித்திரம், சில வழுக்கிகளில் (பொருளை வைத்துப் பார்க்கும் தகடுகளில்) ஒன்றுமே வைக்காமல் வெறுமனே பார்த்தாலும் வானவில் கோடுகள் ஓடுகின்றன.

மாரி மழை விடாமல் பெய்கிறது, அதுவும் ஒரு காரணமோ தெரியாது. உப்பில் நிறம் எடுக்க முடியுமா, முடியாதா? முடியாது என்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள்.


வாடைக்காற்று · திருகோணமலை · 5 ஜனவரி, காலை 6.15

பிள்ளை, உங்கள் கருவியில் பழுதில்லை, நீங்கள் செய்ததிலும் பிழையில்லை. உப்பு அப்படித்தான் தெரியும். 31 வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் விளங்கினால் எதைத் தேட வேண்டும் என்பதும் விளங்கும்.

கீழே இருக்கும் பொலரைசர் ஒரே ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். மேலே இருப்பதை அதற்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால் அந்த ஒளியும் நின்றுவிடும், அதனால் கறுப்பு. இடையில் ஒரு பளிங்கு வந்தால் என்ன நடக்கிறது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சீனி, வைற்றமின் சி, யூரியா போன்றவற்றுக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரிகிறது, இரண்டும் வேறு வேறு வேகத்தில் போகின்றன. உங்கள் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் அலையோரத்து இறுகிய ஈர மணலில் நடக்கிறார், அவருக்குப் பக்கத்தில் மற்றவர் கால் புதையும் காய்ந்த மணலில் நடக்கிறார். சேர்ந்து புறப்பட்டாலும் மற்றவர் பின்தங்குவார், தூரம் கூடக் கூட இடைவெளியும் கூடும். ஒளியில் அந்த இடைவெளி எவ்வளவு என்பதைப் பொறுத்து, மேல் பொலரைசரில் இரண்டும் மறுபடி சேரும்போது சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் மிஞ்சும். நீங்கள் பார்த்த மயில் தோகை நிறங்களை யாரும் சாயம் போட்டுக் கொண்டுவரவில்லை. பளிங்கின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுவதுதான் நிறமாகத் தெரிகிறது. இந்தக் கணக்கை மிஷேல் லெவி என்ற பிரெஞ்சுப் புவியியலாளர் 1888இல் நிற அட்டவணையாகவே போட்டார், அதை வைத்துத்தான் இன்றும் பாறைகளில் உள்ள கனியங்களை இனங்காண்கிறார்கள்.

சோடியம் குளோரைட்டு கனசதுர அமைப்பு. எந்தத் திசையில் போனாலும் ஒளிக்கு ஒரே வேகம், பிரிவு கிடையாது, பின்தங்கல் கிடையாது, அதனால் நிறமும் கிடையாது. படிகாரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கறுப்புத்தான்.

சாக்குத் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் மக்னீசியம் குளோரைட்டு. காற்றில் உள்ள ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், மாரியில் உப்புச் சாக்கு வியர்ப்பதும் அதனால்தான். ஐந்து நாளல்ல, பங்குனி வரைக்கும் வைத்திருந்தாலும் அது காயாது. சீனிக்கும் இந்த ஈரம் ஆகாது. அதோடு சீனிப் பாகு தானாகப் பளிங்காகத் தயங்கும், கற்கண்டு செய்பவர்கள் நூல் கட்டித் தொங்கவிடுவது எதற்கு என்று நினைத்துப் பாருங்கள். பாகின் ஓரத்தில் ஒரு சீனிக் குருணியை வைத்தால் அதிலிருந்து வளரத் தொடங்கும். பனடோலில் மருந்தோடு மாப்பொருளும் வேறு சேர்மானங்களும் இருக்கின்றன, கலங்கல் அவைதான். இடித்த தூளைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி அரை மணித்தியாலம் அசையாமல் வைத்துவிட்டு, மேலே தெளிந்து நிற்பதில் ஒரு துளி மட்டும் எடுங்கள்.

இன்று இரவே ஒரு சோதனை செய்யுங்கள். உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய இடத்தை வழுக்கியில் லேசாகத் தேய்த்து ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் முட்டை வடிவ மணிகள் ஒளிரும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கறுப்புச் சிலுவை இருக்கும். அது தெரிந்தால் பொலரைசர் இரண்டும் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம்.


சீனக்குடா_ரிப்பெயர் · 5 ஜனவரி, பகல் 1.20

சேர் சொன்னதை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் போன் திருத்துகிற ஆள், விஞ்ஞானம் அவ்வளவு தெரியாது, ஆனால் பொலரைசர் தாள் தினமும் என் கையில் கிடக்கிறது.

தங்கச்சி, வானவில் கோடு தெரிகிற வழுக்கிகளை எடுத்து மேசையில் தட்டிப் பாருங்கள். கண்ணாடிச் சத்தம் வராது. அவை பிளாஸ்டிக், விளையாட்டுப் பெட்டிகளோடு வருகிறவை. அச்சில் வார்க்கும்போது உள்ளே இறுகிய இழுவைதான் அந்தக் கோடுகள். படத்துக்கு அவை வேண்டாம், கண்ணாடி வழுக்கியே எடுங்கள்.

முப்பரிமாணக் கண்ணாடியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் பொலரைசருக்கு முன்னால் இன்னொரு படலம் ஒட்டியிருக்கும். அதைத்தான் பாவிப்பது என்றால், போட்டால் கண் பக்கம் வருகிற முகம் எதுவோ அதுதான் பளிங்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும், கீழ்த்துண்டிலும் சரி மேல்துண்டிலும் சரி. மாறினால் நிறங்கள் சரியாக வராது. இதைவிட, உடைந்த மடிக்கணினித் திரை ஏதாவது கிடைத்தால் அதன் மேல் தாளை உரித்து எடுங்கள், அது சுத்தமான பொலரைசர். பசை ஒட்டியிருந்தால் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் மெதுவாகத் துடைக்கலாம். ஆனால் உடைந்த திரை கையைக் கிழிக்கும், கையுறை போடாமல் தொடாதீர்கள். டவுனுக்கு வரும்போது எந்த ரிப்பெயர் கடையில் கேட்டாலும் ஒரு துண்டு சும்மா தருவார்கள், எங்களுக்கு அது குப்பை.

படம் எடுக்கும்போது போனைக் கையில் பிடிக்காதீர்கள். பார்வைத்துண்டுக்குப் பொருந்துகிற அளவில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை வெட்டி, போனின் பழைய உறையில் கமெராத் துளைக்கு நேராக ஒட்டிவிடுங்கள், பிறகு அதைத் தூக்கிப் போட்டால் போதும், தானாக நேராக நிற்கும். இரண்டு செக்கன் தாமதம் வைத்து அழுத்துங்கள். வெளிச்ச அளவையும் நிறச் சமநிலையையும் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புப் பின்னணியைக் கண்டதும் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். எங்கள் கடை ரோட்டோரம், பஸ் போனாலே படம் ஆடும், அதனால் நான் எடுப்பதெல்லாம் இரவு பத்து மணிக்குப் பிறகுதான்.

40 மடங்கு வில்லையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது வழுக்கிக்கு மிகக் கிட்ட வரும், மேலெழுந்து நிற்கிற பளிங்கு அதைக் கீறிவிடும். 4, 10 இரண்டும் தாராளம்.


உப்புக்காரர்_மகள் · 6 ஜனவரி, இரவு 11.05

சேர், சிலுவை தெரிந்தது! ஒவ்வொரு மணியிலும்! பொலரைசரைத் திருப்பத் திருப்ப அது மங்கி மறுபடி வருகிறது. அம்மாவையும் எழுப்பிக் காட்டினேன்.

அண்ணா, தட்டிப் பார்த்தேன், பன்னிரண்டில் ஏழு பிளாஸ்டிக். திரைத் தாளும் ஒரு துண்டு கிடைத்தது, முன்பு கருநீலமாக இருந்த பின்னணி இப்போது நல்ல கறுப்பு.

சேர், நாளைக்கு வைற்றமின் சி போட்டுப் பார்க்கப் போகிறேன். அளவு என்ன? மழைக்கு எப்படிக் காய வைப்பது?


வாடைக்காற்று · 7 ஜனவரி, காலை 6.30

பார்மசியில் தூளாகக் கேளுங்கள். சப்பிச் சாப்பிடும் தோடம்பழக் குளிசை வேண்டாம், அதில் சீனியும் சாயமும் இருக்கும். ஒரு மிளகளவு தூளுக்குத் தண்ணீர் பத்துத் துளி, ஸ்பிரிட் பத்துத் துளி. ஸ்பிரிட் தீப்பற்றும், விளக்கோ அடுப்போ கிட்ட இருக்கக் கூடாது. கரைந்த பிறகு ஒரு துளியை வழுக்கியில் விட்டு ஊசியால் மெல்லிசாகப் பரப்புங்கள். மெல்லிசாக என்பதைக் கவனியுங்கள், தடித்தால் நிறங்கள் வெளுத்துப் போகும்.

காய வைக்க ஒரு பிஸ்கட் ரின் போதும். ஒரு பிடி அரிசியைச் சட்டியில் வறுத்து ஆறவிட்டு அடியில் பரப்புங்கள், அதன் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்து வைத்து, மூடியின் மேல் வழுக்கியை வைத்து ரின்னை மூடிவிடுங்கள். ஈரத்தை அரிசி எடுத்துக்கொள்ளும். வைற்றமின் சி முதலில் பிசின் மாதிரி நிற்கும், பயப்பட வேண்டாம். சில மணித்தியாலத்திலோ மறுநாளோ எங்காவது ஒரு புள்ளியில் தொடங்கும், தொடங்காவிட்டால் ஊசி நுனியால் ஓரத்தை ஒரு தரம் கீறிவிடுங்கள். நாளாக ஆக அது மஞ்சளித்துப் பழுப்பாகும், அதனால் வந்தவுடனே படம் எடுத்துவிட வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் மென்தோலையும் பாருங்கள், பார்மசியில் மென்தோல் பளிங்கு என்று கேட்டால் தருவார்கள். ஏறத்தாழ 42 பாகை செல்சியசில் உருகும், சூடான தேநீர்க் கோப்பை மேல் வழுக்கியை வைத்தாலே தண்ணீராகிவிடும். உடனே மேடையில் வைத்துப் பார்த்தால் ஆறும்போது பளிங்கின் முகப்பு ஒரு பக்கத்திலிருந்து அலை மாதிரி ஓடி வருவது கண் முன்னாலேயே தெரியும். உயர்தர வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டியது இதைத்தான், கத்துவார்கள்.

சீனக்குடாத் தம்பி, நீங்கள் உரித்துப் போடும் தாளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1852இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹெரபாத் என்ற மருத்துவர் இருந்தார். குயினைன் கொடுத்த நாயின் சிறுநீரில் அயடீன் துளி விழுந்தபோது பச்சை நிறச் சிறு பளிங்குகள் தோன்றியதை அவருடைய மாணவர் கண்டார். ஹெரபாத் அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்க, இரண்டு பளிங்கு குறுக்காக மேல்விழுந்த இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. பொலரைசர் என்றால் என்னவோ அதையே அந்தப் பளிங்குகள் செய்தன. 1929இல் எட்வின் லாண்ட் என்ற இளைஞர் அதே பளிங்குகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக அரைத்து, ஒரே திசையில் அடுக்கித் தாளாக்கினார். பளிங்கைப் பார்க்க நாம் பாவிக்கும் தாளே பளிங்கிலிருந்து பிறந்தது.


உப்புக்காரர்_மகள் · 9 ஜனவரி, இரவு 10.20

வந்துவிட்டது. எழுதக் கை ஓடவில்லை.

நேற்று மாலை வரைக்கும் பிசின்தான். இரவு சேர் சொன்னபடி ஓரத்தைக் கீறிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கீறிய இடத்திலிருந்து வட்டம் வட்டமாக விரிந்திருக்கிறது, பாக்குவெட்டியால் சீவிய பாக்கின் முகம் மாதிரி நடுவிலிருந்து கோடுகள் ஓடி, அதற்குக் குறுக்கே நிற வளையங்கள், நடுவில் மெல்லிய கறுப்புச் சிலுவை. இரண்டு வட்டம் வளர்ந்து முட்டிய இடத்தில் நேரான ஒரு வரம்பு இருக்கிறது, கத்தியால் கீறின மாதிரி. வரம்பின் ஒரு பக்கம் கத்தரிப்பூ நிறம், மறுபக்கம் மஞ்சள். படம் இணைத்திருக்கிறேன்.

சந்தோஷம்தான். ஆனாலும் இது பார்மசித் தூள். அப்பாவுக்கு இதைக் காட்டினேன், நல்ல வடிவு பிள்ளை என்றார், பிறகு பேப்பரை எடுத்துவிட்டார்.


உவர்மலை_சித்திரம் · 10 ஜனவரி, பகல் 11.50

தங்கச்சி, படம் பார்த்தேன். நான் சித்திர ரீச்சர், இரசாயனம் பற்றிச் சேர் சொல்வார், நான் படத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சட்டத்துக்குள் எல்லா இடமும் நிறம், கண்ணுக்குத் தங்க ஓர் இடமில்லை. முதல் தரம் எடுக்கும் எல்லாரும் இப்படித்தான் நிரப்புவார்கள், நிறத்தைக் கண்ட சந்தோஷம் அது. கறுப்பை விடப் பயப்படாதீர்கள். துளி எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தைத் தேடிப் போங்கள், பளிங்கு இன்னும் வந்து சேராத வெறும் இடமும் வந்து சேர்ந்த இடமும் சந்திக்கிற ஓரத்தில்தான் படம் கிடைக்கும். நீங்களே எழுதினீர்களே, இரண்டு வட்டம் முட்டிய வரம்பு என்று, உங்கள் படத்தில் அது மூலையில் கிடக்கிறது. அதை நடுவுக்குச் சற்று விலக்கிக் குறுக்காக ஓடவிட்டு மறுபடி எடுங்கள். வழுக்கியை மேடையில் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பதும் முக்கியம், ஒரு கோணத்தில் மங்கும் பளிங்கு இன்னொரு கோணத்தில் எரியும். பத்துப் பாகைக்கு ஒன்றாக எடுத்து எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். போனில் நிறத்தைக் கூட்டும் கோட்டை இழுக்காதீர்கள். இந்தப் படத்தில் கொஞ்சம் இழுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், மஞ்சள் எண்ணெய்ச் சாயம் மாதிரி நிற்கிறது.


சீனக்குடா_ரிப்பெயர் · 10 ஜனவரி, மாலை 5.15

ரீச்சர், இதில் எனக்கு வேறு கருத்து. கண்ணால் பார்க்கும்போது தெரிகிற நிறம் போன் படத்தில் வருவதில்லை, போன் அதை வெளுத்துவிடுகிறது. கண்ணில் பட்ட அளவுக்குத் திருப்பிக் கொண்டுவருவது எப்படிப் பிழையாகும்? நான் எப்போதும் கொஞ்சம் கூட்டுவேன்.


உவர்மலை_சித்திரம் · 10 ஜனவரி, இரவு 8.00

கண்ணில் பட்ட அளவுக்கு என்றால் சரி, தம்பி. ஆனால் ஒரு மணித்தியாலம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு அந்த அளவே மறந்துவிடும், அங்கேதான் எனக்குப் பயம். சேர் சொன்னபடி நிறம் தடிப்பைச் சொல்கிறது என்றால் நிறத்தை மாற்றுவது தடிப்பைப் பற்றிப் பொய் சொல்வது. எடுக்கும்போதே வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுத்தால் போனும் வெளுக்காது, பிறகு கூட்ட வேண்டிய தேவையும் வராது.


புல்மோட்டை_மண் · 11 ஜனவரி, காலை 9.10

சலாம், வணக்கம். உப்பை விட்டு விலகி ஒரு விஷயம் சொல்லலாமா? எங்கள் வாப்பா கனிய மணல் ஆலையில் இருந்தவர், அதனால் மணல் பார்க்கிற பழக்கம் சின்னதிலிருந்தே எனக்கு உண்டு. இங்கத்தைக் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தால் செருப்பில் ஒட்டி வருகிற மண்ணே போதும், அள்ளத் தேவையில்லை, அள்ளவும் கூடாது. ஒரு சிட்டிகையை வழுக்கியில் தூவி, மேலே தேங்காய் எண்ணெய் ஒரு துளி விட்டுப் பாருங்கள், எண்ணெய் விட்டால் மணிகளின் ஓரத்துக் கறுப்பு குறையும். அதில் உள்ள கனியங்களில் இல்மனைட் ஒளியை விடாது, சும்மா கரி மாதிரிக் கிடக்கும். ரூட்டைல் கடும் சிவப்புப் பழுப்பு. படிகக்கல் மணியில் நிறங்கள் வரைபடத்து உயரக் கோடுகள் மாதிரி, இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறிச் சுற்றிப் போகும், விளிம்பு மெல்லிசு, நடு தடிப்பு, அதுதான் காரணம் என்று இப்போது சேர் சொல்லித்தான் விளங்கியது. சிர்கோன் வேறு மாதிரி, அதன் நடு முத்து வெள்ளையாக வெளுத்துவிடும், ஓரத்தில் மட்டும் நிறக் கோடுகள் தலைமயிர் மாதிரி நெருக்கமாக இருக்கும். கார்னெட் இளஞ்சிவப்பாக அழகாக இருக்கும், பொலரைசரைக் குறுக்கே வைத்தால் காணாமல் போய்விடும். அதுவும் உங்கள் உப்பு மாதிரிக் கனசதுரம்தானே சேர்?


வாடைக்காற்று · 11 ஜனவரி, மாலை 4.45

ஆம், கார்னெட்டும் கனசதுர அமைப்புத்தான். சிர்கோன் வெளுப்பது அதன் இரட்டை முறிவு, அதாவது உள்ளே பிரியும் இரண்டு ஒளிக்கும் இடையிலான வேக வித்தியாசம், படிகக்கல்லைவிடப் பல மடங்கு கூட என்பதால், பின்தங்கல் அளவு மீறிப் போய் நிறங்களெல்லாம் ஒன்றுசேர்ந்து வெள்ளையாகிவிடுகின்றன. நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்.

பிள்ளை, அப்பா பேப்பரை எடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள், இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டது உப்பை, நான் முடியாது என்று சொல்லிவிட்டு வேறு பொருள் காட்டினேன். கேள்விக்கு நான் பாதிதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒரேயடியாகப் படிவதில்லை. உசிலியோ என்ற இரசாயனவியலாளர் 1849இல் மத்தியதரைக் கடல்நீரை வற்றவிட்டு வரிசையைக் குறித்தார். முதலில் சொற்பமாகச் சுண்ணாம்பு, அடுத்தது ஜிப்சம், அதன் பிறகு தண்ணீர் பத்தில் ஒரு பங்குக்கு வற்றும்போதுதான் உப்பு, கடைசியில் மக்னீசிய உப்புகள். இதில் ஜிப்சம் கனசதுரமல்ல. மெல்லிய ஊசியாக வளரும், பொலரைசரில் ஒளிரும். அதனால் உப்பைக் கரைக்காதீர்கள். கடல்நீரையே எடுங்கள். கொட்டியாரக்குடாப் பக்கம் மகாவலி வந்து விழுவதால் மாரியில் அங்கே நீர் உவர் குறைந்திருக்கும், உங்கள் நிலாவெளிப் பக்கமே நல்லது, மழை விட்டு இரண்டு நாள் கழித்து எடுங்கள். வடிதாளில் வடித்து, ஒரு தேநீர்க் கோப்பை நீரை வெள்ளைச் சட்டியில் மெதுவாக நாலில் ஒன்றாக வற்றவிட்டு, அதிலிருந்து ஒரு துளியை வழுக்கிக்கு மாற்றி அரிசி ரின்னில் வையுங்கள். முழுக்கக் காயக் காத்திருக்க வேண்டாம், மக்னீசியம் அதைக் காயவிடாது. உப்புச் சதுரங்கள் வந்ததும் ஓரத்தில் மிஞ்சி நிற்கும் ஈரத்தை வடிதாள் நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, பளிங்குக்கும் மேல் பொலரைசருக்கும் இடையில் செலோரேப் ஒட்டிய ஒரு கண்ணாடித் துண்டைச் செருகுங்கள். ரேப் படலமும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், அதனால் கறுப்புப் பின்னணியே ஒரு நிறமாக மாறும். எந்த நிறம் என்பது ரேப்பையும், ஒட்டும் கோணத்தையும், எத்தனை மடிப்பு என்பதையும் பொறுத்தது, திருப்பித் திருப்பிப் பாருங்கள். உப்பு தனக்கென்று நிறம் தராது, ஆனால் பின்னணி நிறத்தை அப்படியே தன்னூடாக விடும், விளிம்புக் கோடுகளோடு சதுரம் தெளிவாக நிற்கும். ஜிப்சம் ஊசிகளோ சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பொறுத்து நிறம் மாறும். பெரிய ஆய்வுகூடங்களில் இந்த வேலைக்கு வைத்திருந்த தகட்டைக் காலாகாலமாக ஜிப்சத்திலேயே செதுக்கினார்கள், ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் தடிப்பில்.


உப்புக்காரர்_மகள் · 25 ஜனவரி, இரவு 9.00

சேர், அண்ணா, ரீச்சர், எல்லாருக்கும். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும், பொங்கல் முடியும் வரைக்கும் மழை விடவில்லை, 19ஆம் திகதிதான் தண்ணீர் எடுக்க முடிந்தது.

முதல் மூன்று துளியும் சரிவரவில்லை. ஒன்றை அளவுக்கு மீறி வற்றவிட்டேன், உப்பு ஒரே கட்டியாகிவிட்டது. ஒன்றில் பூச்சி விழுந்தது. மூன்றாவதில் ஒற்றும்போது வடிதாள் பளிங்கையும் சேர்த்து இழுத்துவிட்டது. நாலாவது துளி நேற்று இரவு.

ரேப் இல்லாமல் பார்த்தபோது முதலில் வெறும் கறுப்பு. 10 மடங்கு வில்லையில் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன். திடீரென்று ஓர் இடத்தில் வெள்ளை ஊசிகள், கட்டுக் கட்டாக, ஈர்க்குக் கட்டை அவிழ்த்துக் கொட்டின மாதிரி. சில தனியாக, சில ஒரு நுனியிலிருந்து விசிறியாக. மங்கலான சாம்பல் வெள்ளைதான், ஆனால் கறுப்பில் அது மட்டும் தெரிகிறது. பிறகு ரேப் ஒட்டிய கண்ணாடியை வைத்தேன், ஒரு மடிப்பில் பின்னணி மஞ்சளாக வந்தது, இரண்டு மடிப்பு ஒட்டிக் கொஞ்சம் திருப்பியதும் கத்தரிப்பூவுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு நிறம். அந்த நிறத்துக்குள் உப்புச் சதுரங்கள் கண்ணாடி மாதிரி நிற்கின்றன, சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம், தீர்த்தக்கேணிப் படி இறங்குகிற மாதிரி. வலப்பக்கம் சாய்ந்த ஊசிகள் நீலம், இடப்பக்கம் சாய்ந்தவை மஞ்சள். ஓர் ஊசி உப்புச் சதுரம் ஒன்றுக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வந்திருக்கிறது, ஊசி முதலில் வந்தது, உப்பு பிறகு அதைச் சுற்றி வளர்ந்தது, சேர் சொன்ன வரிசை அப்படியே கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 64 படம் எடுத்தேன். நிறம் கூட்டவில்லை ரீச்சர், வெளிச்சத்தை ஒரு படி குறைத்துத்தான் எடுத்தேன்.

காலையில் அப்பாவுக்குக் காட்டினேன். போனை வாங்கிக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். உப்புச் சதுரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஊசியில் விரலை வைத்து, "இது முதல் பாத்தியில் இருக்கிறதெல்லோ, காலைக் கிழிக்கிறது" என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார், கடல்நீரை முதலில் தேக்கிக் காயவிடும் பாத்திகளில் உப்பு விளையாது, ஆனால் அடியில் முள்ளு முள்ளாக ஒரு படை கட்டும், தண்ணீர் இறக்கிவிட்டு அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், செருப்பில்லாமல் இறங்கினால் உள்ளங்கால் முழுக்க வெட்டுத்தான், அந்த வெட்டில் உவர் பட்டால் இரவு நித்திரை வராது. குதிக்காலைத் திருப்பிக் காட்டினார், வெள்ளைக் கோடு கோடாகத் தழும்பு. இத்தனை வருடம் அது வெடிப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வைற்றமின் சிப் படம் வேண்டாமாம், இதைத்தான் மாட்ட வேண்டுமாம்.

ரீச்சர், ஒரு கேள்வி மிச்சம். 41ஆவது படத்தைத்தான் எடுத்திருக்கிறேன், இணைத்திருக்கிறேன். அதில் எது மேல்பக்கம் என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. ஊசிகள் கீழே இருக்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார், பாத்தியில் அவை அடியில்தானே கிடக்கும் என்று. எனக்கு ஊசிகள் மேலிருந்து விழுகிற மாதிரி வைத்தால் நல்லது போல இருக்கிறது.


உவர்மலை_சித்திரம் · 25 ஜனவரி, இரவு 9.40

அப்பா சொன்ன பக்கம். இரண்டு விதமாகவும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், ஊசி அடியில் இருந்தால் சதுரங்கள் அதற்கு மேல் மிதக்கின்றன, படத்துக்கு ஒரு தரை கிடைக்கிறது. இடது ஓரத்தில் ஒரு விரலளவு வெட்டிவிடுங்கள், அந்தத் தூசி கண்ணை இழுக்கிறது. போன் படம் 12 மெகாபிக்சல் என்றால் 12க்கு 16 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், விறாந்தையில் வெளிச்சம் அடிக்கும், மட் தாளில் எடுங்கள். கடற்காற்று படுகிற வீடு, சட்டத்தின் பின்பக்கத்தை ரேப் போட்டு நன்றாக அடைக்கச் சொல்லுங்கள்.